மூன்றாவது கூடை

கலா,

நீ பல்லடத்துக் குஞ்சுப் பண்ணைக்கு வேலைக்குப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்த விவரமும், விடுதிச் சாம்பாரில் உப்பில்லை என்ற விவரமும் உன் முதல் கார்டில் கண்டேன். உப்பு விஷயத்தை நீயே பார்த்துக்கொள். இரண்டாவது கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு நாள் வயசுக் கோழிக்குஞ்சைக் கையில் எடுத்து, ஆணா பெண்ணா என்று கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போட வேண்டும் என்கிறார்கள், சந்தேகம் வந்தால் நிற்காதே, ஏதாவது ஒரு பக்கம் போட்டுவிடு, நாலைந்து தப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பக்கத்து நாற்காலிப் பிள்ளைகள் சொல்கிறார்கள், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். இதற்குக் கார்டில் இடம் போதாது. உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. என் மானம் போகிற இடம் இரண்டு மூன்று வரும். அதைத் தாண்டிப் போகாமல் சேர்த்தே வாசி.

நான் இந்த வியாபாரத்துக்கு வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எண்பத்திரண்டில் உன் அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் பாதி நாள் வேலை இருக்கும், பாதி நாள் இருக்காது. வத்திராயிருப்புப் பக்கம் போய் முட்டை வாங்கி வந்து இராஜபாளையத்தில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பஸ் குலுங்கியதில் ஒரு கூடை முட்டையும் மடியிலேயே உடைந்தது. அன்றைக்குத்தான், உடையாத சரக்கு ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை அடைக்கு வைத்தேன். அந்த இனம் சின்ன உடம்புதான், ஆனால் அடையில் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்தாலும் எழும்பாது. பத்து நாள் குஞ்சாக ஆனதும் கூடையில் போட்டுக்கொண்டு திருவில்லிபுத்தூர், புதுப்பட்டி, கூமாப்பட்டி என்று நாளுக்கு ஓர் ஊராகப் போனேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு யாரும் மேசை போட்டு வேலை தரப்போவதில்லை. வாயும் காலும்தான் என் முதல்.

குஞ்சு வாங்குகிற பெண்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதில் எது பெட்டை? பெட்டை என்றால் முட்டை, வாராவாரம் கையில் நாலு காசு. சேவல் என்றால் ஒரு திருவிழாக் குழம்பு, அதோடு சரி. பத்து நாள் குஞ்சில் ஆண் பெண் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் குஞ்சுக்கே தெரிந்திருக்காது. ஆனால் தெரியாது என்று சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதுதான். அதனால் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவேன். தலையை மேலே நிமிர்த்தினால் பெட்டை, தொங்கப்போட்டால் சேவல். செத்த நேரம் கண்ணைச் சுருக்கி, அடிவயிற்றை ஊதிப் பார்த்து, "தங்கமான பெட்டை, கண்ண மூடிட்டு வாங்குங்க" என்பேன். பாதிக்குப் பாதி எப்படியும் சரியாக வந்துவிடும். சரியாக வந்த வீட்டில் என்னைக் கைராசிக்காரி என்றார்கள். தப்பிய வீட்டில், "உங்க கொல்லை ராசி அப்படி, நான் என்ன செய்ய" என்று நான் சொன்னேன். இனம் சொல்வதிலும் இதே லட்சணம்தான். பெரிய பண்ணைகளில் கழித்துவிட்ட வெள்ளைச் சேவல் குஞ்சுகளைச் சாயத்தில் முக்கிக் கொண்டுவந்து தருவார்கள், ஒரு கோடை முழுக்க அதையும் விற்றேன். பழுப்புச் சாயம் பட்டதை நாட்டுக்கோழி என்று கூமாப்பட்டியில் கொடுத்துவிட்டு, சாயம் உதிர்ந்து முடிகிற வரைக்கும் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தப் பிழைப்பில் முதல் கல்லை எறிந்தது நீதான். அப்போது உனக்குப் பத்து வயது. வீட்டில் நிறுத்திவைத்த, ஒரே தடவையில் பொரித்த ஒரு ஈட்டுக் குஞ்சுகளை நான் தூக்கிப் பார்த்துப் பெட்டை, சேவல் என்று பிரித்ததை நீ ஓரமாக நின்று கவனித்திருக்கிறாய். நான் பெட்டை என்று சொன்ன குஞ்சின் காலிலெல்லாம் நீல நூல் கட்டி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்தும் வைத்திருக்கிறாய். எனக்கு இது எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்து நின்றாய்.

"அம்மா, நீ பெட்டைன்னு சொன்னது பத்து. அதுல அஞ்சு கூவுது."

"கூவட்டும். ஒனக்கு என்ன அதுக்கு?"

"சேவல்னு சொன்னதுல நாலு முட்டை போடுது. காசச் சுண்டிப் போட்டுப் பாத்தாலும் இம்புட்டுதான வரும்?"

"ஏட்டி, வெளிய எங்கயும் போய் இதச் சொல்லித் தொலைச்சிராத" என்று உன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். வலித்திருக்காது என்று நினைக்கிறேன். கோபம் உன் மேல் இல்லை. மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் நான் காட்டிய வித்தை ஒரு பத்துப் பைசா நோட்டுக் கணக்குக்குத் தாங்கவில்லையே என்ற ஆத்திரம்.

அதற்கு அடுத்த வருஷம் பெரிய தெருவில் தெலுங்கு பேசுகிற அந்த அம்மா வீட்டுக்கு முட்டை எடுக்கப் போனபோது உன்னையும் கூட்டிப் போனேன். உன்னைக் கண்டாலே அவர், "ராம்மா கலா" என்று கொல்லைக்கு அழைத்துப் போவார். அங்கே சாம்பலும் கறுப்புமாக உடம்பெல்லாம் வரி வரியாக ஐந்து பெட்டைகள், ஒரு செக்கச் சிவந்த சீமைச் சேவல். அங்கே அப்போது பொரித்திருந்த ஈட்டில் குஞ்செல்லாம் கறுப்பு. சிலதுக்கு மட்டும் உச்சந்தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைப் பொட்டு. நான் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை, நூலை எடுத்தாய். மூன்று ஈடு பார்த்தாய். பொட்டு வைத்தது ஒன்று விடாமல் சேவலாக, வரி போட்டு வளர்ந்தது. பொட்டில்லாதது ஒன்று விடாமல் கழுத்து மட்டும் சிவந்த கறுப்புப் பெட்டையாக வளர்ந்தது. நோட்டை என் முன்னால் விரித்தபோது வாசல்படியிலேயே உட்கார்ந்து மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். முட்டையிலிருந்து இறங்கிய அன்றைக்கே ஆண் பெண் சொல்லக்கூடிய குஞ்சு. சுற்றுப்பட்டில் எந்த வியாபாரிக்கும் கிடைக்காத சரக்கு.

அதற்குப் பிறகுதான் நான் "உறுதிப் பெட்டை" என்று கூவி விற்க ஆரம்பித்தேன். அந்த அம்மா வீட்டு முட்டை முழுவதையும் பேசி வாங்கி அடை வைத்தேன். சொன்னது சொன்னபடி வந்தது. முதல் முதலாக என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கும் கூடையில் இருந்த குஞ்சுக்கும் சம்பந்தம் இருந்தது. வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கினால் நாலு பெண்கள் காத்திருப்பார்கள். இதெல்லாம் உன் கண்ணால் வந்தது என்று அப்போது யாரிடமும் நான் சொல்லவில்லை. அது என் முதல் தப்பு. என் பெயராகவே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தப்பு எண்பத்தொன்பதில். ஐந்து வரிப்பெட்டைகள் போடுகிற முட்டை எனக்குப் போதவில்லை. பொட்டோடு பிறந்து வளர்ந்த வரிச்சேவல்களில் நல்ல உடம்பாக மூன்றை நிறுத்திக்கொண்டு, கறுப்புப் பெட்டைகளாகப் பார்த்து இருபது வாங்கி, திருவில்லிபுத்தூர் ரோட்டில் வாடகைக்குப் பிடித்த தோட்டத்தில் விட்டேன். குஞ்சு இறங்கியது. எல்லாம் கறுப்பு. பாதிக்குப் பொட்டு, பாதிக்குப் பொட்டில்லை. அச்சு அசலாக அதே சரக்கு. நான் பூரித்துப் போய் நின்றேன். நீ மட்டும் ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தாய்.

"அம்மா, அங்க வரி பெட்டைகிட்ட இருந்துச்சு. இங்க வரி சேவல்கிட்ட இருக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?"

"வரி வரிதான். யார் மேல இருந்தா என்ன?"

"ஒரே ஒரு ஈடு நூல் கட்டிப் பாப்போம். ரெண்டு மாசம்தான."

"ரெண்டு மாசம் இம்புட்டுக் குஞ்சுக்கும் தீனி நீ போடுவியா? பதினாலு வயசுல எனக்கு வியாபாரம் படிச்சுக் குடுக்காத."

நீ குஞ்சை இறக்கிவிட்டாய். அதே வாரம்தான் ஞானம்மா வந்தாள். புதுப்பட்டிக்காரி. வருஷக்கணக்காக வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். பசையில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்து, இனி ஒட்ட முடியாது என்று ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் இல்லை. கம்மலை விற்றுக் கொல்லையில் வலை அடித்துவிட்டு வந்திருந்தாள். டீக்கடைகளுக்கு முட்டை போடுவதாகப் பேச்சும் முடித்திருந்தாள். "மதினி, எனக்கு நாப்பதும் பெட்டையா வேணும். ஒண்ணு ரெண்டு சேவல் விழுந்தாக்கூட எனக்குக் கட்டாது. ஒங்களை நம்பித்தான் எறங்குதேன்" என்றாள். நான் பொட்டில்லாத நாற்பதை எண்ணிக் கொடுத்தேன். அந்தத் தோட்டத்துக் குஞ்சுகளிலிருந்து. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நீ இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்தேன் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் புதுப்பட்டியில் இறங்கி அவள் தெருவுக்குத் திரும்பினோம். தெருமுனையிலேயே சத்தம் காதில் விழுந்துவிட்டது. ஒன்று கூவி முடிக்க அடுத்தது எடுக்கிறது, அது முடிக்க இன்னொன்று. ஞானம்மா வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க. உறுதிப் பெட்டை எல்லாம் விடியமுன்ன எந்திரிச்சுத் தெருவையே எழுப்பி விடுதுக. முட்டையும் கூவிக்கிட்டுத்தான் போடுமோ?" என்றாள். சிரிப்பு. "ஏட்டி சும்மா இரு, அது பட்டணத்துப் பெட்டை, அப்படித்தான் பாடும்" என்றாள் இன்னொருத்தி. ஞானம்மா சிரிக்கவில்லை. கொல்லையைத் திறந்து காட்டினாள். நாற்பதில் பத்தொன்பது சேவல்.

எனக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அதைத்தான் ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருந்தேனே. தீனி மாறினால் சில பெட்டைகளுக்கும் குரல் வரும், இன்னும் ஒரு மாதம் பொறு, தானாக அடங்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ வலைக்குள் போய் ஒன்றைப் பிடித்து, முதுகுக்கடை இறகை விரித்துப் பார்த்துவிட்டு, "இது சேவல்தான் அத்தை. இறகு ஊசியா மினுங்குது பாருங்க. பத்தொம்பதும் சேவல்தான். எங்க தப்பு" என்றாய்.

நான் உன் முழங்கைக்கு மேலே கிள்ளினேன். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஞானம்மா உன்னையே பார்த்தாள், பிறகு என்னை. "எனக்குக் காசு வேண்டாம்" என்றாள். "காச வச்சு நான் என்ன செய்ய? ரெண்டு மாசத்துல முட்டை தாரேன்னு கடைக்காரவுககிட்ட வாக்குக் குடுத்தாச்சு. எனக்குப் பெட்டை வேணும். குஞ்சு இல்ல, இந்த வயசுப் பெட்டை. பத்தொம்பது."

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் கத்தினேன். பெற்ற பிள்ளையே நாலு பேர் முன்னால் காலை வாரிவிட்டாள் என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அவ சொன்னது நெசமா, பொய்யா?" என்றார். "நெசம்தான்." "பொறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" இவ்வளவுதான் அவர் பேச்சு. மனுஷர் குளிக்கப் போய்விட்டார். உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நீ அந்தத் தெருவில் "நான் அப்பமே சொன்னேன், அம்மாதான் கேக்கல" என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை. எல்லாரும் உன்னை மெச்சியிருப்பார்கள், நான் தனியாக நின்றிருப்பேன். நீ "எங்க தப்பு" என்றாய். பதினாலு வயசில் அந்த "எங்க" உனக்கு எங்கிருந்து வந்ததோ. நான் கற்றுத் தரவில்லை என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பத்தொன்பது பெட்டைகளை நாம் பிரித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் வளர்ந்துகொண்டிருந்ததெல்லாம் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்தவை; அவர்களிடம் தவணை சொல்லிவிட்டு அதிலிருந்துதான் எடுத்தோம். நீ தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொண்டை, கால் தடிமன், முதுகுக்கடை இறகு என்று பார்த்துப் பார்த்து எடுத்தாய். நான் இடையில் வற்றலாக இரண்டைச் செருகினேன். நீ அதை எடுத்து வெளியே விட்டுவிட்டு நல்லதாக இரண்டை வைத்தாய். கடைசியில் ஒன்று பெருவிடைக் கலப்பு. சண்டைக்கோழி வம்சம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், கொண்டை மட்டும் கடலைப் பருப்பு அளவுதான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாய்.

"இது தெரியலம்மா."

"தெரியலன்னா? பெட்டைன்னு வையி."

"தெரியாதத எப்படி வைக்க?"

"ஏட்டி, வியாபாரத்துல தெரியலன்னு ஒரு சொல்லே கெடையாது. தெரியலன்னவன் கடையில எவன் வாங்குவான்?"

"அப்ப தனியா ஒரு கூடை போடு. சேவல் ஒண்ணு, பெட்டை ஒண்ணு, தெரியாதது ஒண்ணு. தெரிஞ்ச பொறவு எடுத்து மாத்திக்கிடுவோம்."

உன்னிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. வெங்காயக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். நம் வீட்டு மூன்றாவது கூடை அப்படித்தான் வந்தது.

பத்தொன்பது பெட்டைகளோடு, புதுப்பட்டி வழியாகப் போகிற வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "இதுக்கெல்லாம் லக்கேஜ் போடணும். சேவலுக்கு முழு டிக்கெட், பெட்டைக்கு அரை டிக்கெட்." நான், "எல்லாம் பெட்டைதான் அண்ணாச்சி" என்றேன். "அத யாரு சொல்லுதா? நீங்களா? ஒங்க பெட்டை கூவுன சங்கதி இந்த பஸ்ஸு பூராம் சிரிச்சாச்சு." எனக்கு முகம் செத்துவிட்டது. அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது: "நான் சொல்லல. எம் மக சொல்லுதா." கண்டக்டர் உன்னைப் பார்த்தார். நீ கூடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாய். "அந்தப் பிள்ளையா? அப்ப சரி, ஏத்துங்க" என்று வழிவிட்டார். உன் பெயரை நான் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தோம் என்று அந்த பஸ்ஸிலேயே வெட்கமாக இருந்தது.

ஞானம்மா பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறகை விரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். அது அவள் உரிமை. சேவல்களை நம் கூடையில் அவளே பிடித்துப் போட்டாள். கிளம்பும்போது உன்னிடம்தான் சொன்னாள்: "கலா, இனிமே நீ பாத்துச் சொன்னா வாங்குதேன்." எனக்கு அன்றைக்கு அது பொறுக்கவில்லை. ஏழு வருஷம் வெயிலில் நடந்து சம்பாதித்த பெயர் என் மகள் கைக்குப் போனதற்குச் சந்தோஷப்பட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போது அந்த வருஷத்தை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். தோட்டத்துக் குஞ்சுகளுக்கு ஓர் ஈடு நூல் கட்டிப் பார்த்து, அங்கே பொட்டுக்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவாகச் சொன்னாய். வரி தாயிடம் இருந்து, தகப்பன் வரியில்லாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு ஓடும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினாய். தலைகீழாகத் தூக்குவதை நான் நிறுத்தினேன். பத்து நாள் குஞ்சை ஆண் பெண் சொல்லாமலே விற்பது, பெட்டைதான் வேண்டும் என்பவருக்கு ஐந்து வாரம் வளர்த்துக் கொண்டையைப் பார்த்துக் கொடுப்பது, பெருவிடை ரத்தம் கலந்திருந்தால் கொண்டையை நம்பாமல் இன்னும் மூன்று வாரம் போட்டுவைப்பது, கழுத்தில் முடியில்லாத குஞ்சைச் சீக்கு என்று யாராவது தள்ளினால் அது பிறவியிலேயே அப்படி, அது ஓர் இனம் என்று எடுத்துச் சொல்வது எல்லாம் உன் சட்டம். சாயக் குஞ்சு கொண்டுவந்த வேன்காரரை நீ வாசலோடு திருப்பி அனுப்பினாய். நான் நஷ்டம் வரும் என்று பயந்தேன். மூன்றாவது கூடையைப் பார்த்தவர்கள், "இதுல என்ன?" என்று கேட்பார்கள். "தெரியாதது" என்பாய். அவர்கள் திரும்பி, மற்ற இரண்டு கூடையிலும் இருப்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிப் போவார்கள். இப்படி ஒரு வியாபாரத் தந்திரத்தை நான் நாற்பது வயது வரை பார்த்ததில்லை. நீ அதைத் தந்திரமாகச் செய்யவும் இல்லை. அதனால்தான் பலித்தது.

போன மாதம் உன்னை வேலைக்கு எடுக்கக் கூப்பிட்ட அன்று நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பண்ணை மானேஜர் ஒரு நாள் வயசுக் குஞ்சு ஒன்றை மேசையில் விட்டு, "இது என்ன, சொல்லு" என்றார். உனக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையேன், பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டே என்று என் பழைய புத்தி உள்ளே கிடந்து துடித்தது. நீ குஞ்சைக் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு, "தெரியல சார். அஞ்சு வாரக் குஞ்சு குடுங்க, சொல்லுதேன். இத எப்படிப் பாக்கணும்னு படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றாய். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே, காலையிலிருந்து வந்த எல்லாரும் ஒன்று பெட்டை என்றார்கள், இல்லை சேவல் என்றார்கள், தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் இந்தப் பிள்ளைதான் என்று உன் பேரை எழுதிக்கொண்டார். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அங்கே வேகம் வேண்டும்தான். நீ சேவல் என்று ஒதுக்குகிற குஞ்சுக்கு என்ன கதி, பாதி அன்றைக்கே சாகும், மிச்சம் சாயத்துக்குப் போகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சரக்கைத்தானே நான் ஒரு கோடைக்குச் சாயத்தோடு விற்றேன். அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தால் உன் வேலை நடக்காது. ஆனால் சந்தேகத்தில் ஒரு பெட்டையை அந்தப் பக்கம் போட்டால் ஓர் உயிர் போகிறது. ஒரு சேவலை இந்தப் பக்கம் போட்டால், எங்கோ ஒரு ஞானம்மா, கம்மலை விற்று வலை அடித்தவள், மூன்று மாதம் கழித்து அது கூவுவதைக் கேட்பாள். நாலைந்துதானே என்று சொல்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தெரு தெரியாது. உனக்குத் தெரியும், நீ நின்றிருக்கிறாய். அதனால் மானேஜரிடம் நேராகப் போய், சந்தேகக் குஞ்சுக்குத் தனிப்பெட்டி ஒன்று கேள். முதலில் அதில் நிறைய விழும். மற்றவர்கள் கேலி பேசுவார்கள், சம்பளத்தில் கொஞ்சம் குறையும். குறையட்டும். கை பழகப் பழக அந்தப் பெட்டியில் விழுவது தானாகக் குறையும். மாட்டேன் என்று மானேஜர் சொன்னால் எனக்கு எழுது. நானே வந்து பேசுகிறேன். பேச எனக்குத் தெரியும், அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

போன வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஞானம்மா வீட்டுக்கே வந்தாள். இப்போது அவள் கொல்லையில் நூற்றுக்கு மேல் கோழி நிற்கிறது, பெரிய மகன் பாலிடெக்னிக் போகிறான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கலா எங்க?" என்றாள்.

"பல்லடத்துக்கு வேலைக்குப் போயிட்டா. குஞ்சு பிரிக்கிற வேலை."

"நல்லாருக்கட்டும். அப்ப இங்க யாரு பாத்துச் சொல்லுவா?"

முப்பது குஞ்சுகளை, ஐந்து வாரத்துக் குஞ்சுகள், அவள் முன்னால் இறக்கினேன். மூன்று கூடையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். உன் அளவுக்கு வேகம் இல்லை. அவள் அவசரப்படுத்தவும் இல்லை. பன்னிரண்டைப் பெட்டை என்று வைத்தேன், ஒன்பதைச் சேவல் என்று வைத்தேன். மிச்சம் ஒன்பதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்றாவதில் விட்டேன். அவள் அதிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"இது பாக்கப் பெட்டை மாதிரித்தான இருக்கு மதினி. இன்னும் அஞ்சாறு எனக்குத் தேவைப்படும். சொன்னீகன்னா எடுத்துக்கிடுவேன்."

"பெருவிடை கலந்தது. இதோட கொண்டைய நம்ப முடியாது. எனக்குத் தெரியல."

இந்த வார்த்தையை அவளிடம் இதுவரைக்கும் நீதான் சொல்வாய். நான் பக்கத்தில் நின்று வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டுக் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் அந்தக் குஞ்சைத் திரும்ப அதே கூடையில் விட்டாள். பிறகு தன் கூடையை இழுத்து, நான் பெட்டை என்று வைத்த பன்னிரண்டையும் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். ஒன்றின் இறகைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. சாக்கை மேலே போட்டுக் கட்டிக்கொண்டு, "மூணு வாரம் கழிச்சு வாரேன், மிச்சத்துக்கும்" என்று எழுந்து போனாள்.

அவள் தெரு திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்றேன். உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இல்லை. அதனாலும்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மா